எட்டாவது லேப்பில் எது நிற்கும்? ரேஸ் டிராக்கில் டர்போவும் என்.ஏ.வும்

மெர்சிடீஸ் ஏஎம்ஜி 2014-ல் 'ஜிடி' என்ற ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டபோது, அதன் பானட்டுக்குள் இரட்டை டர்போ பூட்டிய 4 லிட்டர் வி8 இன்ஜின் இருந்தது. மறு ஆண்டு அதே காரின் பந்தய வடிவமான ஜிடி3-ஐ ஜெனீவா கண்காட்சியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதில் டர்போவைக் காணோம். எஸ்எல்எஸ் என்ற முந்தைய பந்தயக் காரில் ஓடித் தேறிய, டர்போ இல்லாத 6.2 லிட்டர் வி8-ஐயே எடுத்து வைத்திருந்தார்கள். பத்தாண்டு கடந்தும் அந்தப் பழைய இன்ஜின் 24 மணி நேரப் பந்தயங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதே பந்தயங்களில் பிஎம்டபிள்யூ எம்4, ஃபெராரி 296 இரண்டும் டர்போவோடு வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகின்றன. ஒரே நிறுவனம் சாலைக்கு ஒன்றும் பந்தயத்துக்கு வேறொன்றும் தேர்ந்தெடுத்தது. போட்டியாளர்கள் இரண்டுக்கும் டர்போவையே தேர்ந்தெடுத்தார்கள். ஆக, இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது.

வார இறுதியில் காரை ரேஸ் டிராக்குக்கு எடுத்துப்போய் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் நம் ஊரிலும் வளர்ந்துவருகிறது. அதற்கென்று கார் வாங்க நினைப்பவர் முதலில் முட்டிக்கொள்ளும் கேள்வி இது: டர்போ காரா, டர்போ இல்லாத நேச்சுரலி ஆஸ்பிரேட்டட் காரா? பின்னதைச் சுருக்கமாக என்.ஏ. என்பார்கள். இரு தரப்புக்கும் உறுதியான வாதங்கள் உண்டு. இரண்டிலும் பாதி உண்மை, பாதி பழம்பெருமை. எண்களை எடுத்து வைத்துப் பார்த்தால் வாதம் வேறு இடத்துக்கு நகர்கிறது. லேப் நேரத்தை இந்தத் தேர்வு தீர்மானிக்கும் அளவு நாம் நினைப்பதைவிடக் குறைவு. வெப்பத்தையும், வலது காலுக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவையும் அது தீர்மானிக்கும் அளவு நாம் நினைப்பதைவிட அதிகம்.

காற்றை இழுப்பதும் திணிப்பதும்

என்.ஏ. இன்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்துக்குள் வெளிக்காற்று தானாகப் பாய்கிறது. வளிமண்டல அழுத்தம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு காற்றுதான் உள்ளே வரும். கூடுதல் சக்தி வேண்டுமென்றால் இன்ஜினைப் பெரிதாக்க வேண்டும். இல்லையேல் வேகமாகச் சுழற்ற வேண்டும். 2 லிட்டர் இன்ஜினை 9,000 ஆர்பிஎம் வரை சுழலவிட்டு 240 பிஎஸ் எடுத்த ஹோண்டா எஸ்2000 இரண்டாவது வழியின் நல்ல உதாரணம்.

டர்போவின் வழி வேறு. வீணாக வெளியேறும் எக்ஸாஸ்ட் புகை ஒரு சிறு டர்பைனைச் சுழற்றுகிறது. அதே அச்சில் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரஸர் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கிறது. ஸ்விட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூஹி இதற்கு 1905-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். கார்களுக்கு அது வந்துசேர 1962 ஆயிற்று. அந்த ஆண்டு அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவர்லே கோர்வேர் இரண்டும் டர்போவோடு விற்பனைக்கு வந்தன.

ஜெட்ஃபயரில் ஒரு விசித்திரம் இருந்தது. பெட்ரோல் டேங்க் போக, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்துக்கென்று அதில் தனித் தொட்டி உண்டு. 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று அதற்குப் பெயர். அழுத்திய காற்று சூடாகி, பெட்ரோல் நேரம் தப்பி வெடித்து, இன்ஜின் 'நாக்' அடிப்பதைத் தடுக்க அந்தத் திரவத்தை உள்ளே தெளித்தார்கள். 55 ஆண்டுகள் கழித்து, 2017-ல் போர்ஷே தன் 700 பிஎஸ் 911 ஜிடி2 ஆர்எஸ் காரை வெளியிட்டபோது அதிலும் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. சூடு எல்லை மீறும் நேரத்தில், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர்மேல் தண்ணீரைப் பீய்ச்சுவதற்காக வைத்தது. இடைப்பட்ட காலத்தில் உலோகம் மாறியது, கணினி வந்தது, எரிபொருள் தெளிக்கும் முறை மாறியது. எதிரி மட்டும் மாறவில்லை.

என்.ஏ. ஏன் அரிதாயிற்று?

டர்போ பரவியதற்கு ரேஸ் டிராக் காரணமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் கொண்டுவந்த விதிப்படி, புதிய கார்களின் சராசரி கார்பன் டை ஆக்ஸைடு வெளியீடு 2015-க்குள் கிலோமீட்டருக்கு 130 கிராமாக இறங்க வேண்டும். அன்றிருந்த சோதனை முறையில் கார் பெரும்பாலும் மெதுவாகத்தான் ஓடும். சிறிய இன்ஜினில் டர்போவைப் பூட்டினால் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் குறையும்; மிதிக்கும்போது பெரிய இன்ஜினின் சக்தி வரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். 2014-ல் பிஎம்டபிள்யூ எம்3, 2015-ல் ஃபெராரி 488, அதே ஆண்டு போர்ஷே 911 கரேரா, 2016-ல் போர்ஷே 718 என்று வரிசையாக டர்போவுக்கு மாறினார்கள்.

இந்தியாவில் காரணம் வரி. 4 மீட்டருக்குக் குறைவான நீளமும் 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் இன்ஜினும் இருந்தால் வரி குறைவு. அந்த வரம்புக்குள் சுறுசுறுப்பான கார் செய்ய டர்போ தவிர வழியில்லை. 1.2 லிட்டரில் 105 பிஎஸ் தந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1 லிட்டரில் 120 பிஎஸ் தரும் ஹூண்டாய் ஐ20 என் லைன் எல்லாம் இப்படிப் பிறந்தவை. இங்கே டிராக்குக்கு வரும் பலருக்கு டர்போ தேடிப் பெற்ற ஒன்றல்ல. கையில் இருக்கும் காரோடு கூடவே வந்தது.

ஒரே உடல், இரண்டு இதயம்

டர்போ, என்.ஏ. ஒப்பீடுகள் பெரும்பாலும் கோணலாக முடிவதற்குக் காரணம், ஒப்பிடப்படும் கார்கள் எடையிலும் டயரிலும் சஸ்பென்ஷனிலும் வேறுபடுவதுதான். அபூர்வமாக ஒரே காரில் இரண்டும் கிடைத்த சந்தர்ப்பம் போர்ஷே 718 கேமன் ஜிடிஎஸ். முதலில் 2.5 லிட்டர், 4 சிலிண்டர் டர்போவோடு 365 பிஎஸ் தந்தது. வாடிக்கையாளர்கள் பழைய 6 சிலிண்டரின் குரலைக் கேட்டு நச்சரிக்க, 2020-ல் 4 லிட்டர், 6 சிலிண்டர் என்.ஏ. இன்ஜினை வைத்து 400 பிஎஸ் ஆக்கித் தந்தார்கள்.

இரண்டின் மேனுவல் கியர் வடிவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உச்ச டார்க் இரண்டிலும் 420 நியூட்டன் மீட்டர். ஆனால் டர்போவில் அது 1,900 ஆர்பிஎம்மிலேயே வந்து நிற்கிறது, என்.ஏ.வில் 5,000-ஐத் தொட்ட பிறகுதான் வருகிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தொட டர்போவுக்கு 4.6 நொடி, என்.ஏ.வுக்கு 4.5 நொடி. காகிதத்தில் வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம்.

டிராக்கில்தான் வித்தியாசம் தெரியும். டர்போ கார் எந்த கியரில் இருந்தாலும் வளைவிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடும். மூன்றாவதில் இருக்க வேண்டிய நேரத்தில் நான்காவதில் இருந்தாலும் பெரிய நஷ்டமில்லை. என்.ஏ. காரில் கியர் தப்பினால் கார் சோம்பி நிற்கும். தப்பு உடனே தெரிந்துவிடும். எதிலும் சமாளித்துக்கொண்டு போகும் கார் ஒருவருக்கு வசதி. தப்பைச் சொல்லிக்காட்டும் கார் இன்னொருவருக்கு ஆசான். இருவரும் ஒரே பணத்தைத்தான் கொடுக்கிறார்கள். வாங்குவது வேறு வேறு பொருள்.

லேப் நேரம் சொல்வது என்ன?

டர்போதான் வேகம் என்பவர்களுக்குக் கைவசம் உள்ள வலுவான சான்று செவர்லே கோர்வெட். சி8 கோர்வெட்டின் இஸட்06 வடிவத்தில் 5.5 லிட்டர் என்.ஏ. வி8, 670 குதிரைத்திறன். அதே அளவு இன்ஜினை அடிப்படையாக வைத்து இரண்டு டர்போ பூட்டிய இஸட்ஆர்1 வடிவத்தில் 1,064 குதிரைத்திறன். 2025-ல் ஜெர்மனியின் 20.8 கி.மீ. நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே டிராக்கில் இரண்டையும் நிறுவனத்தின் சொந்தப் பொறியாளர்களே ஓட்டினார்கள். இஸட்06-க்கு 7 நிமிடம் 11.8 நொடி, இஸட்ஆர்1-க்கு 6 நிமிடம் 50.8 நொடி. 21 நொடி வித்தியாசம். சிறிய விஷயமில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே முழு நீள டிராக்கை 2022-ல் போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் 6 நிமிடம் 49.3 நொடியில் முடித்திருந்தது. டர்போ இல்லை, 4 லிட்டர்தான், 525 பிஎஸ்தான். இஸட்ஆர்1-ன் பாதிச் சக்திகூட இல்லை. ஓட்டியவர் தொழில்முறைப் பந்தய வீரர் என்பதையும், நாளும் வானிலையும் வேறு என்பதையும் கழித்துக்கொள்ளத்தான் வேண்டும். கழித்த பிறகும் மிச்சமிருக்கும் உண்மை பெரியது. மணிக்கு 285 கி.மீ. வேகத்தில் 860 கிலோ அளவுக்குக் காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகள் அந்த ஆர்எஸ்ஸில் உண்டு. இஸட்ஆர்1-க்கு டர்போ கூட்டித் தந்த 394 குதிரைத்திறன் நேர்ப்பாதையில் சம்பாதித்ததை, காற்றின் அழுத்தம் வளைவுகளில் சம்பாதித்துவிட்டது.

போர்ஷேயின் சொந்த வீட்டிலும் இதே கதைதான். 700 பிஎஸ் டர்போவான ஜிடி2 ஆர்எஸ் 2017-ல், முழு நீளத்தைவிடச் சற்றுக் குறைவான 20.6 கி.மீ. அளவில் 6 நிமிடம் 47.3 நொடி எடுத்தது. ஐந்தாண்டு கழித்து 525 பிஎஸ் என்.ஏ.வான ஜிடி3 ஆர்எஸ் அதே அளவில் 6 நிமிடம் 44.8 நொடியில் வந்தது.

ஆக, ஒரே காருக்கு டர்போ பூட்டினால் அது வேகம் பெறும். இதில் தகராறு இல்லை. வெவ்வேறு கார்களை ஒப்பிடும்போது டயர், பிரேக், எடை, காற்றழுத்தம், ஓட்டுநர் ஆகியவை டர்போவைவிடப் பெரிய பங்கு வகிக்கின்றன. வார இறுதி ஓட்டுநருக்கு இது இன்னும் பொருந்தும். அவருடைய லேப்பில் இரண்டு மூன்று நொடி ஒளிந்திருக்கும் இடம் பெரும்பாலும் பிரேக் பிடிக்கும் புள்ளிதான்.

காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே

லேப் நேரத்தை ஒதுக்கிவிட்டால் மிஞ்சும் முதல் வேறுபாடு, மிதித்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள உறவு. வளைவின் நடுப்புள்ளியைத் தாண்டியதும் ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மெல்லத் திறக்கிறார். அப்போது காரின் பின் டயர்கள் இரண்டு வேலை பார்க்கின்றன: பக்கவாட்டில் பிடித்துக்கொள்வது, முன்னோக்கித் தள்ளுவது. இரண்டுக்கும் சேர்த்து இருப்பது ஒரே பிடிமானம். ஸ்டியரிங் எவ்வளவு நிமிர்கிறதோ அவ்வளவு மட்டும் சக்தியைக் கூட்ட வேண்டும். என்.ஏ. இன்ஜினில் பெடலைக் கால்வாசி அழுத்தினால் என்ன வரும் என்பது இன்றும் நாளையும் ஒன்றுதான். அதுவும் உடனே வரும்.

டர்போவில் நடுவே காலம் என்று ஒன்று நுழைகிறது. பெடலை அழுத்தினால் முதலில் புகை கூட வேண்டும், டர்பைன் சுழற்சி ஏற வேண்டும், காற்று அழுத்தம் பெற வேண்டும். மோட்டார் போட்ட பிறகு வாய்க்கால் வழியே கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் வந்துசேர ஆகும் இடைவெளி போன்றது இது. டர்போ லேக் என்கிறார்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அரை நொடித் தாமதம் என்றால் கார் 8 மீட்டரைத் தாண்டியிருக்கும். ஓட்டுநர் கேட்ட சக்தி, கேட்ட இடத்தில் வராமல் அடுத்த இடத்தில் வருகிறது. அதுவும் மொத்தமாக வருகிறது. அனுபவசாலி இதைக் கணக்கிட்டு முன்கூட்டியே மிதிப்பார். புதியவர், வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் மிதிப்பார். பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். 1970-களின் போர்ஷே 911 டர்போவுக்கு ஆங்கிலத்தில் 'விதவையாக்கி' என்ற பட்டப்பெயர் வந்தது இப்படித்தான்.

இன்றைய டர்போக்கள் அவ்வளவு மோசமில்லை. இதைக் குறைக்கப் பொறியாளர்கள் செய்திருக்கும் வேலைகள் சுவாரசியமானவை. 2016 மாடல் 911 டர்போவில் ஓட்டுநர் ஒரு கணம் காலை எடுத்தாலும் காற்று வழியை மூடும் த்ராட்டில் திறந்தே இருக்கும்; பெட்ரோலை மட்டும் நிறுத்துவார்கள். காற்றோட்டம் தடைபடாததால் டர்போ ஏற்றிவைத்த அழுத்தம், அதாவது பூஸ்ட், இறங்குவதில்லை; மறுபடி மிதித்ததும் தயாராக நிற்கும். ஃபெராரி 488-ல் வேறொரு தந்திரம் செய்தார்கள். அதன் உச்ச டார்க்கான 760 நியூட்டன் மீட்டர் ஏழாவது கியரில் மட்டுமே முழுதாகக் கிடைக்கும். கீழ் கியர்களில் கணினி அதைக் கடிவாளம் போட்டு, ஆர்பிஎம் ஏற ஏற டார்க்கும் ஏறும்படி வரைந்து கொடுக்கிறது. டர்போவின் இயல்பான குணத்தை அடக்கி, என்.ஏ. போல நடிக்கவைக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும். ஃபெராரியின் ஃபியரானோ டிராக்கில் 458 இத்தாலியா 1 நிமிடம் 25 நொடி எடுத்த இடத்தில் 488 எடுத்தது 1 நிமிடம் 23 நொடி. வேகத்தைப் பெற்ற பிறகும் பழைய குணத்தைத் தேடிப்போனார்கள் என்பதே, அந்தக் குணத்துக்கு மதிப்பு இருக்கிறது என்பதற்குச் சான்று.

2024-ல் வந்த 911 கரேரா ஜிடிஎஸ் இன்னொரு படி மேலே போனது. அதன் ஒற்றை டர்போவின் அச்சிலேயே ஒரு மின் மோட்டார். புகைக்காகக் காத்திராமல் மின்சாரமே டர்போவைச் சுழற்றிவிடுகிறது. முந்தைய ஜிடிஎஸ்ஸைவிட நூர்பர்க்ரிங்கில் 8.7 நொடி வேகம். டர்போ லேக் என்ற குற்றச்சாட்டு இன்னும் சில ஆண்டுகளில் விலையுயர்ந்த கார்களிலாவது பழங்கதையாகிவிடும்.

சூடு

இரண்டாவது வேறுபாட்டை அவ்வளவு எளிதாகத் தீர்க்க முடியாது. காற்றை அழுத்தினால் அது சூடாகும், இது இயற்பியல். சென்னையில் மே மாதப் பகலில் வெளிக்காற்று 38 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரஸர் அதை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், நல்ல கம்ப்ரஸராக இருந்தாலும் வெளியே வரும் காற்று 130 டிகிரியை நெருங்கும். அதை மறுபடி குளிர்விப்பது இன்டர்கூலரின் வேலை. ஆனால் இன்டர்கூலர்மேல் வீசுவதும் அதே 38 டிகிரிக் காற்றுதான். போதாக்குறைக்குத் தார் ரோட்டின் அனலும், முன்னால் போகும் கார் கக்கும் சூடும் சேர்ந்துகொள்ளும்.

சாலையில் இது பிரச்சினையே இல்லை. ஒரு லாரியை முந்த ஐந்து நொடி மிதிப்போம். பிறகு ஐந்து நிமிடம் இன்டர்கூலர் ஓய்வெடுக்கும். டிராக்கில் நேர்ப்பாதைதோறும் முழு பெடல். நான்காவது ஐந்தாவது லேப்புக்குள் இன்டர்கூலரின் உலோகமே சூடேறி ஊறிவிடும். உள்ளே போகும் காற்று சூடானதும் கணினி இன்ஜினைக் காப்பாற்றும் வேலையில் இறங்கும்: தீப்பொறியைத் தாமதப்படுத்தும், பூஸ்ட்டைக் குறைக்கும், சில கார்களில் குளிர்விப்பதற்காகவே கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும். ஓட்டுநருக்கு எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாது. நேர்ப்பாதையின் முடிவில் ஸ்பீடோமீட்டர் காட்டும் எண் லேப்புக்கு லேப் சற்றே குறையும், அவ்வளவுதான். தான் சோர்ந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொள்வார், சோர்ந்தது கார்.

என்.ஏ. இன்ஜினும் வெயிலுக்கு விதிவிலக்கல்ல. 20 டிகிரியில் கிடைப்பதைவிட 38 டிகிரியில் காற்றின் அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறைவு. சக்தியும் ஏறத்தாழ அதே அளவு குறையும். ஆனால் இழப்பின் பெரும்பகுதி முதல் லேப்பிலேயே வந்துவிடும். அதன் பிறகு இரண்டாவது லேப்பும் எட்டாவது லேப்பும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். பழகுபவருக்கு இதுதான் விலைமதிப்பற்றது. பிரேக் புள்ளியை 5 மீட்டர் தள்ளிப்போட்டுப் பார்க்கிறோம் என்றால், மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால்தான் அதன் பலன் தெரியும். நேர்ப்பாதை முடிவில் காரின் வேகமே ஒவ்வொரு லேப்பும் வேறு என்றால் எதை வைத்து எதை அளப்பது?

இதைத் தயாரிப்பாளர்கள் அறியாதவர்கள் அல்ல. 2022-ல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர் காரில் முன்புற கிரில் திறப்பையும் ரேடியேட்டரையும் பெரிதாக்கி, பானட்டில் சூடு வெளியேற வழிவிட்டதாக நிறுவனமே பெருமையாகச் சொன்னது. ஒரு டர்போ கார் டிராக்குக்கு எவ்வளவு தயார் என்பதை அறிய, பிஎஸ் எண்ணைவிட முன்பம்பரில் உள்ள ஓட்டைகளைப் பார்ப்பது மேல்.

டர்போவின் பக்கம் நின்று

நியாயமாகப் பார்த்தால் என்.ஏ.வுக்கும் டிராக்கில் தனி நோய்கள் உண்டு. சக்தியெல்லாம் உயர்ந்த ஆர்பிஎம்மில் இருப்பதால் இன்ஜினை எப்போதும் உச்சியிலேயே வைத்திருக்க வேண்டும். ஐந்திலிருந்து நான்குக்குப் போக வேண்டிய கை தவறி இரண்டுக்குப் போனால், இன்ஜின் தாங்கும் எல்லையைத் தாண்டிச் சுழன்று வால்வுகள் பிஸ்டனில் மோதும். இன்ஜினே போய்விடும். நீண்ட வளைவுகளில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப்புக்கு எட்டாமல் போகும் அபாயம் எல்லா இன்ஜினுக்கும் பொது என்றாலும், 8,000 ஆர்பிஎம்மில் சுழலும் இன்ஜின் அதற்குக் கொடுக்கும் விலை அதிகம். பெரிய இன்ஜின் என்றால் எடையும் கூடும். சக்தி போதவில்லை என்று பிறகு தோன்றினால் டர்போ காரில் கணினியின் கணக்கை மாற்றியே கணிசமாகக் கூட்டலாம், என்.ஏ.வில் கேம்ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றினாலும் கிடைப்பது கொசுறுதான்.

உயரமான இடங்களில் டர்போவுக்குப் போட்டியே கிடையாது. அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைப் பந்தயம் 156 வளைவுகளோடு 4,302 மீட்டர் உயரத்தில் முடிகிறது. அங்கே என்.ஏ. இன்ஜின் தன் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழந்துவிடும். டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டும்.

பந்தய வரலாறும் டர்போவுக்கு மோசமான சாட்சியல்ல. 1977-ல் ரெனோ முதன்முதலாக டர்போ காரை ஃபார்முலா 1-க்குக் கொண்டுவந்தபோது, அது அடிக்கடி புகைவிட்டு நின்றதால் 'மஞ்சள் டீ கெண்டி' என்று கேலி செய்தார்கள். இரண்டே ஆண்டில் அது டிஷோனில் பிரெஞ்சு கிராண்ட் ப்ரீயை வென்றது. 1988-ல் மெக்லாரன்-ஹோண்டா டர்போ 16 பந்தயங்களில் 15-ஐ வென்றது. மறு ஆண்டே விதி போட்டு டர்போவைத் தடைசெய்தார்கள். 2005-ல் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்கு ஓட்டியது அந்தத் தடைக் காலத்தின் 3 லிட்டர் வி10 என்.ஏ. கார். 2014-ல் டர்போ திரும்ப வந்தது; போகவில்லை.

அதே சமயம், வாடிக்கையாளர்கள் சொந்தப் பணம் போட்டு ஓட்டும் நீண்டதூரப் பந்தயங்களில் என்.ஏ. இன்னும் மதிப்போடு இருக்கிறது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி 992 பிரிவில் மூன்றாமிடம் பெற்றதை நாம் கொண்டாடினோம். அந்தப் பிரிவில் ஓடியது போர்ஷே 911 ஜிடி3 கப்: டர்போ இல்லாத 4 லிட்டர், 510 பிஎஸ். அதே நிறுவனம் சாலையில் விற்கும் சாதாரண 911 கரேராவிலோ டர்போ. பாலைவன ஊரில் இரவும் பகலும் நிறுத்தாமல் ஓட வேண்டிய காருக்குக் கோளாறு வரக்கூடிய உறுப்புகள் குறைவாக இருப்பது லாபம்.

எதை வாங்குவது?

கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் பதில் தெளிவாகும்.

முதலாவது, ஓட்டுநர் எந்த நிலையில் இருக்கிறார்? இன்னும் கற்றுக்கொள்பவர் என்றால் எடை குறைந்த, 150 முதல் 250 பிஎஸ் வரையிலான என்.ஏ. காருக்கு இணையில்லை. உலகெங்கும் டிராக் பள்ளிகளின் செல்லப்பிள்ளையான மாஸ்டா எம்எக்ஸ்-5 சுமார் 1,050 கிலோ, 2 லிட்டர், 184 பிஎஸ்தான். டொயோட்டா 2021-ல் தன் ஜிஆர்86-க்குச் சக்தி கூட்ட நினைத்தபோது டர்போவுக்குப் போகாமல் இன்ஜினை 2 லிட்டரிலிருந்து 2.4 லிட்டராக்கியது, உச்ச டார்க் 6,400 ஆர்பிஎம்மிலிருந்து 3,700-க்கு இறங்கியது. டர்போவின் வசதியில் பாதியை டர்போ இல்லாமலே எடுத்துக்கொண்ட சாமர்த்தியம் இது.

இரண்டாவது, எந்த டிராக், எந்த வெயில்? கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே 2 கி.மீ.க்குச் சற்று அதிகம். வளைவு முடிந்ததும் அடுத்த வளைவு. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக் சுமார் 3.7 கி.மீ. இங்கெல்லாம் சீரான பெடலும் குறைந்த எடையும் பிஎஸ்ஸைவிடப் பேசும். ஒரு கி.மீ.க்கு மேல் நேர்ப்பாதை உள்ள கிரேட்டர் நொய்டாவின் புத் டிராக்கில் டர்போவின் கை ஓங்கும். ஆனால் அதே நேர்ப்பாதைதான் இன்டர்கூலரை அதிகம் வாட்டுவதும்.

மூன்றாவது, எவ்வளவு நேரம் ஓட்டப்போகிறார்? நேரம் குறித்துக்கொண்டு ஒன்றிரண்டு லேப் மட்டும் ஓட்டும் போட்டி என்றால் டர்போவை எடுங்கள். சூடு பிடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். 20 நிமிடம் தொடர்ந்து ஓட்டும் பழக்கம் என்றால் என்.ஏ. பக்கம் தராசு சாயும்.

புதிய கார் சந்தையில் என்.ஏ. ஸ்போர்ட்ஸ் கார் ஒரு முனையில் சிறிய மாஸ்டா, டொயோட்டாவாகவும், மறுமுனையில் கோடிகளில் விலை பேசும் ஜிடி3-யாகவும் ஒதுங்கிவிட்டது. நடுவே இருப்பவருக்குப் பெரும்பாலும் டர்போதான் கிடைக்கும். அதில் குறைசொல்ல ஏதுமில்லை. பணத்தை எங்கே முதலில் போடுவது என்பதை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். பலரும் முதலில் செய்வது பூஸ்ட்டைக் கூட்டுவது. கடைசியில் யோசிப்பது இன்டர்கூலர். வரிசையைத் திருப்புங்கள். பெரிய இன்டர்கூலர், ஆயில் கூலர், நல்ல பிரேக் ஆயில், நல்ல டயர்; இவ்வளவும் முடிந்த பிறகு மிச்சப் பணம் இருந்தால் பூஸ்ட். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓட்டியதும் ஒரு லேப் நிதானமாகச் சுற்றிச் சூட்டை இறக்குங்கள். பிட்டுக்கு வந்ததும் இன்ஜினைச் சட்டென்று அணைக்காதீர்கள். ஆயில் ஓட்டம் நின்றுபோன டர்போவின் பேரிங்கில் ஆயில் கருகிப் படிந்துவிடும்.

மின் மோட்டார் பூட்டிய டர்போக்கள் விலை இறங்கி வரும்போது என்.ஏ. ஆதரவாளர்களின் பாதி வாதம் அடிபட்டுப் போகும். காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் தாமதத்தைக் கணினியும் மின்சாரமும் துடைத்துவிடும். அழுத்தினால் சூடாகும் என்ற விதியை எந்தக் கணினியாலும் மாற்ற முடியாது. அதனால் நம்மைப் போன்ற வெயில் நாட்டில், டிராக்குக்கென்றே ஒரு காரை, அதுவும் சொந்தக் காசில் வாங்குபவருக்கு, சம விலையில் இரண்டும் கிடைக்குமானால் இன்றைய தேதியில் என்.ஏ. பக்கமே என் ஓட்டு. ஷோரூம்காரர் தரும் பத்து நிமிட டெஸ்ட் டிரைவ் இதைப் பற்றி எதுவும் சொல்லாது. அதில் டர்போ எப்போதும் ஜெயிக்கும். அதே காரை வைத்திருக்கும் ஒருவரை டிராக்கில் தேடிப்பிடித்து, இரண்டாவது லேப்பின் நேரத்தையும் எட்டாவது லேப்பின் நேரத்தையும் கேட்டு வாங்குங்கள். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.